வடையைத் திருப்பிக் கேட்ட பெரியம்மா

என் மகள் பள்ளித் தலைவர்களுக்குப் பாடம் எடுக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, உங்களிடம் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? பிள்ளைகளுக்கு ஆசிரியர் சொல்லிக்கொடுப்பார். ஆசிரியருக்குப் பிரின்சிபல் சொல்லுவார். அந்தப் பிரின்சிபல்களையே உட்கார வைத்து, இப்படிப் பேசுங்கள், இப்படிப் பேசாதீர்கள் என்று சொல்லுகிறவள் நான் பெற்ற பெண்.

நான் படித்தது மூன்றாம் வகுப்புவரைதான், செம்பவாங்கில். அப்பாவுக்கு அங்கே கப்பல் பட்டறையில் வேலை. இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதையும் நான் சொல்லச் சொல்ல மகள்தான் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். நடுவில் இரண்டு இடத்தில், "இது வேணாமேம்மா" என்றாள். வேண்டும் என்றேன். தட்டினாள்.

அவள் உயர்நிலைப் பள்ளியில் வெகுகாலம் ஆசிரியராக இருந்தவள். நல்ல வேலை, நல்ல பேர். நாற்பது தாண்டிய பிறகு ஒருநாள் அதை விட்டுவிட்டு, பள்ளிக்கூடங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் போய்ச் சேர்ந்தாள். சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா? "கவர்மெண்ட் வேலைய விட்டுட்டாளாமே, என்னாச்சு?" என்று கல்யாண வீட்டில் வைத்துக் கேட்டார்கள். "ஒன்னும் ஆகல, உயர்ந்துட்டா" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். சுவா சூ காங் வீட்டில் நானும் அவளும் இரண்டே பேர். அவள் முகம் வாடினால் பார்ப்பதற்கு வீட்டில் வேறு முகம் கிடையாது.

அவள் சேர்ந்த சமயம் பள்ளிக்கூடங்களுக்குப் புது விதி வந்துகொண்டிருந்தது. புத்தாண்டில் பள்ளி திறந்ததும், காலை மணி அடித்ததிலிருந்து வீட்டுக்கு விடும்வரை உயர்நிலைப் பிள்ளைகள் கைப்பேசியைத் தொடக்கூடாது. பேசுகிற கைக்கடிகாரம் இருக்கிறதே, ஸ்மார்ட் வாட்ச், அதையும் தொடக்கூடாது. எல்லாம் லாக்கருக்குள் போய்விட வேண்டும். இடைவேளையிலும் எடுக்க முடியாது. ஏன் இந்த விதி என்று மகளைக் கேட்டேன். பிள்ளைகள் சாப்பிடும்போதுகூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்றாள். இரண்டு பேர் அடித்துக்கொண்டால் விலக்கிவிட ஆளில்லை, படம் பிடிக்கத்தான் ஆள் இருக்கிறது, அந்தப் படம் சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் சுற்றுகிறது, அடி வாங்கிய பிள்ளை மறுநாள் பள்ளிக்கே வருவதில்லை என்றாள். நல்ல விதிதான் என்று எனக்குப் பட்டது.

விதி பிரின்சிபல்களுக்கும் புரிந்துதான் இருந்தது. அவர்களுக்குப் பயம் பெற்றோர்களிடம். "என் பிள்ளையோட ஃபோனப் பூட்டி வைக்க நீங்க யாரு?" என்று வந்து நிற்பார்களே, அவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது? அதற்குப் பழக்கிவிடுவதுதான் என் மகளுக்குக் கொடுத்த வேலை. நிறுவனத்தை நடத்துகிறவர் ஒரு சீன அம்மாள். முடி வெட்டிய தினுசிலேயே கண்டிப்பு தெரியும். அவர் மகளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: முதலில் இரண்டு கூட்டம் நடத்து. இரண்டாவதுக்கு நானே வந்து உட்காருவேன். பிரின்சிபல்களுக்கு உபயோகமாக இருந்தால் மீதிக் கூட்டங்கள் எல்லாம் உனக்கு. இல்லையென்றால் வேறு ஆள் பார்ப்பேன்.

அதாவது, இரண்டு கூட்டத்தில் என் மகளின் தலையெழுத்து.

பேசிப் பேசிச் சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் ஏறாது, சண்டையை நடத்திப் பார்க்க வேண்டும் என்பது அவள் யோசனை. யாராவது ஒருவர் கோபக்காரப் பெற்றோராக நடிக்க வேண்டும், பிரின்சிபல் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். அதற்காக ஒரு நாடகக்காரரைக் கூப்பிட்டிருந்தாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து ஒத்திகை பார்த்தார். நானும் பார்த்தேன். நல்ல மனிதர். ஆனால் அவர் கோபப்பட்டால் கோபப்படுகிற மாதிரியே இருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு, கையை ஆட்டி, நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி. நிஜமாகக் கோபம் வந்தவன் எங்கேயாவது நிறுத்துவானா?

அவர் போன பிறகு, குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிற பையன் காலையில் வருகிறேன் என்றவன் அதுவரை வரவில்லை என்று ஃபோனில் கூப்பிட்டு நன்றாக நாலு கேள்வி கேட்டேன். பேசி முடித்துவிட்டுத் திரும்பினால், மகள் சமையல்கட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"அம்மா, நீ வர்றியா?"

"எங்கடி?"

"பிரின்சிபல்ங்களத் திட்றதுக்கு."

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. புக்கிட் மேராவில் முப்பது வருஷம் உணவுக்கடை போட்டவள் நான். வரிசையில் புகுந்தவனை, கடன் சொன்னவனை, காப்பி ஆறிப்போச்சு என்றவனை, எல்லோரையும் அவரவர் பாஷையில் பார்த்தவள். தமிழ், மலாய், கொஞ்சம் ஹொக்கியன் சீனம், அங்கங்கே இங்கிலீஷ். திட்டுவதற்கு இலக்கணம் எதற்கு?

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தகராறு. அவள் அட்டையில் என் பாத்திரத்தை எழுதி வைத்திருந்தாள். வாசித்துக் காட்டினாள்: "பாட்டி. பேத்தியை இவங்கதான் பாத்துக்கிறாங்க."

"பாட்டியா? யாரு பாட்டி?"

"அம்மா, உனக்கு எழுபது ஆகப்போகுது."

"அது எனக்கும் உனக்கும் தெரிஞ்சா போதும். பெரியம்மான்னு போடு."

"அந்த வயசுல ஒரு பெரியம்மாவா? நம்புவாங்களா?"

"நான் டை அடிச்சுக்கிட்டு வர்றேன், நம்புவாங்க."

பெரியம்மா என்று மாற்றினாள். தாய் தகப்பன் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், தங்கச்சி பெண்ணை நான்தான் வளர்க்கிறேன். அந்தப் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. இடைவேளையில் அவள் வாட்சுக்குக் கூப்பிட்டு, ஒரு வாய் சாப்பிட்டாளா என்று தினமும் கேட்பேன். இப்போது வாட்சை லாக்கரில் வைக்கச் சொல்லுகிறார்கள். விடுவேனா? இதுதான் கதை.

முதல் கூட்டத்தன்று காலையில் எழுந்து, குளித்து, கடலைப்பருப்பை அரைத்து வடை சுட்டேன். மகள் தலை துவட்டிக்கொண்டே வந்து பார்த்தாள்.

"யாருக்கும்மா இவ்வளவு?"

"பிரின்சிபல்ங்களுக்கு. பின்ன, வெறுங்கையோடவா போவாங்க?"

"சாப்பாடு அங்கயே இருக்கும்மா."

"இருக்கட்டும். புதுச் சட்டி, புது எண்ணெய். மலாய்க்காரங்க, முஸ்லிம் ஆளுங்க, எல்லாரும் கூசாம சாப்பிடலாம்."

அவளுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சரி எடுத்துக்கோ என்றுவிட்டாள். பிறகு யார் தப்பு என்று பேச்சு வந்தபோது இதை நான் அவளுக்கு நினைவுபடுத்தினேன்.

ரயிலில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மூடியை இறுக்கித்தான் மூடியிருந்தேன், ஆனாலும் வாசம் கேட்குமா? எதிரில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் டப்பாவைப் பார்த்தார். நியூட்டனில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கி, பூக்கட்டுகிறவர்களைத் தாண்டி, ஒரு பழைய கடைவீட்டின் மாடி. படி செங்குத்து. மேலே போனால் நல்ல குளிரான அறை, வட்டமாக நாற்காலிகள், பத்துப் பன்னிரண்டு பிரின்சிபல்கள்.

அவ்வளவு பேரை ஒரே அறையில் நான் பார்த்ததே இல்லை. என் காலத்தில் ஒரு பிரின்சிபல் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வோம். இங்கே என் மகள் முன்னால் நின்று, "காலை வணக்கம், உட்காருங்கள்" என்று இங்கிலீஷில் சொன்னதும் அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். நான் உடனே குனிந்து டப்பாவைத் திறந்தேன்.

வடையைப் பச்சை மிளகாயோடு எல்லோருக்கும் கொடுத்தேன். ஒரு சீன அம்மாள், பெரிய பள்ளியின் பிரின்சிபலாம், மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வர, "ஷியோக் லா, ஆண்ட்டி" என்றார், பிரமாதமாம். அவருக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் முஸ்லிம். ஒல்லியானவர், மூக்குக்கண்ணாடி, இந்த வருஷம்தான் பிரின்சிபல் ஆனவராம். அவர் அப்பா சிராங்கூன் சாலையில் பெட்டிக்கடை வைத்திருந்தவர் என்று பேச்சோடு பேச்சாகத் தெரிந்தது.

"இன்னொன்னு எடுத்துக்கலாமாம்மா?"

"கேக்கணுமா தம்பி? எடுங்க. வூட்ல சமைக்க ஆளில்லையா?"

"இருக்காங்க. வடைதான் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம் சண்டை ஆரம்பித்தது.

நான் நன்றாகத்தான் திட்டினேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. முதலில் மிளகாயைக் கடித்த அந்தச் சீனப் பிரின்சிபல் அம்மாள். நான் மேசையைத் தட்டி, என் பிள்ளை சாப்பிடாமல் மயங்கி விழுந்தால் நீ வந்து தூக்குவாயா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அவர் புதிய விதியைப் பற்றி அழகாக இரண்டு வாக்கியம் சொன்னார். நான் முறைத்தேன். அவர் கண் டப்பா பக்கம் போனது. "ஓகே ஆண்ட்டி, உங்களுக்காக ஒரு நிமிஷம் விடலாம், கேன் லா" என்றார். அடுத்து அந்தத் தம்பி. அவரிடம் தமிழிலேயே ஏறினேன். அவர் இரண்டு கையையும் கூப்பாத குறையாக, "சரிம்மா, சரிம்மா, ஒரு பிள்ளைக்குத்தானே, இடைவேளையில மட்டும்னா பாத்துக்கலாம், கோபப்படாதீங்க" என்றார். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவர் நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சரி என்றுவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் புதிய விதியை நான் ஒண்டி ஆளாகத் தோற்கடித்துவிட்டேன். பெருமை தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே திரும்பி மகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஈ ஆடவில்லை.

திரும்பும் வழியில், சுவா சூ காங் வந்து எல்ஆர்டி குட்டி ரயிலுக்கு மாறி உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"கெடுத்துட்டம்மா."

"நான் என்னத்தக் கெடுத்தேன்? திட்டச் சொன்ன, திட்டினேன்."

"வடையக் குடுத்துட்டுத் திட்டினா யாரும்மா பதில் பேசுவாங்க? உன் உப்பத் தின்னுட்டு உன்ன எதுத்துப் பேசறதுக்கு அவங்களுக்கு நாக்கு வருமா? அவங்க ஒன்னுமே கத்துக்கல. சாப்பிட்டாங்க, போனாங்க."

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "வெறுங்கையோட போயிருந்தா மட்டும் உன் மானம் என்ன ஆயிருக்கும்?" என்றேன். வீட்டுக்கு வந்து அவள் அறைக்குள் அவள், சமையல்கட்டுக்குள் நான். உள்ளே அடுப்பைத் துடைத்துக்கொண்டே நின்றேன். சொந்தக்காரர்கள் முகமெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. உயர்ந்துவிட்டாள் என்று சொன்னேனே. இனி கல்யாண வீட்டில் கேள்வி கேட்ட சொந்தக்காரியின் முகத்தில் எப்படி விழிப்பது?

சாயங்காலம் காப்பி போட்டேன். வந்தாள். மீந்த வடை இரண்டு தட்டில் இருந்தது. ஒன்றை எடுத்துப் பிட்டாள், தின்னவில்லை, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா," என்றாள், "நான் டீச்சரா இருந்தப்ப, சத்தம் போட்டுக்கிட்டு வந்த ஒருத்தருக்குக்கூட விட்டுக்கொடுத்ததில்ல தெரியுமா?"

"தெரியும். நீ என் பொண்ணு."

"அதில்லம்மா. சத்தம் போட்டா ரூல்ஸ எடுத்து முன்னால வெச்சுருவேன். ஆனா தீபாவளிக்கு, சீனப் பெருநாளுக்குன்னு டார்ட்டு, குவேன்னு பலகாரமெல்லாம் கொண்டுவந்து குடுத்துட்டு, 'டீச்சர், எங்க பையனுக்கு மட்டும் கொஞ்சம்' அப்டின்னு சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க பாரு. அவங்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கேன். ஒரு தடவ இல்ல. மத்தியானத்துக்குள்ள மொத்தக் கிளாஸுக்கும் தெரிஞ்சுபோயிடும். அப்புறம் ரூல் எங்க இருக்கு?"

வடையை வாயில் போட்டுக்கொண்டாள். மென்றுகொண்டே சிரிக்க ஆரம்பித்தாள்.

"நான் அவங்களக் கோபத்துக்குத் தயார் பண்ணேன். அவங்க தோக்கப்போறது அன்புகிட்டம்மா."

சொல்லிவிட்டு எழுந்து போய்க் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டாள். காப்பி அப்படியே ஆறியது. இந்த மூளை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்க வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம்.

இரண்டாவது கூட்டத்துக்கு முன்னால் அந்த ஒல்லித் தம்பி மகளைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டு என்னையும் கேட்க வைத்தாள். "உங்கம்மாகிட்டத் தோத்தது மனசுலயே நிக்குதுங்க. அடுத்த வாரம் எங்க ஸ்கூல்ல பேரண்ட்ஸ் மீட்டிங். எங்கப்பா கடைக்கு வந்த பாதிப்பேரோட பேரப்பிள்ளைங்க அங்கதான் படிக்கிறாங்க. எல்லாரும் எனக்குச் சோறு போட்டவங்க. நான் இன்னொரு தடவ வந்து உக்காந்துக்கலாமா?" என்றார். வாருங்கள் என்றாள்.

எனக்கு இந்த முறை புது உத்தரவு. திட்டக் கூடாது. வடையைக் கொடுத்துவிட்டு, தயவாகக் கேட்க வேண்டும்.

"கெஞ்சணுமா? என் ஆயுசுல நான் கெஞ்சினதில்லடி."

"கெஞ்ச வேணாம்மா. உரிமையாக் கேளு. கொடுக்கற வரைக்கும் விடாத."

அது எனக்கு வரும். கடை போட்டவளுக்கு அது வராமல் எப்படி?

நிறுவனத்தை நடத்துகிற முதலாளியம்மாள் அன்றைக்கு வந்திருந்தார். பின்னால் ஒரு மூலையில், மடியில் கம்ப்யூட்டரோடு. வடை டப்பாவைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். என் மகள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "அது பயிற்சியில் ஒரு பகுதி" என்றாள். அவர் ஒரு வடையை எடுத்து, மிளகாயை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டுத் தின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அந்தத் தம்பி முதல் ஆளாக வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நான் வடையை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். ஒரு கடி கடித்தார்.

"நல்லா இருக்கா சார்?"

"போன வாரத்தவிட நல்லாருக்கும்மா."

"உங்களுக்குன்னே சுட்டது. சார், நம்ம பொண்ணு இருக்காளே, அவ காலையில ஒன்னும் சாப்பிடாமதான் ஓடி வர்றா. இடைவேளையில ஒரே ஒரு தடவ வாட்சுல கூப்ட்டு, சாப்ட்டியாடின்னு கேட்டுட்டு வெச்சுருவேன். யாருக்கும் தெரியப்போறதில்ல. நீங்க கண்டுக்காம இருந்தா போதும்."

அவர் மென்று விழுங்கினார். "முடியாதும்மா" என்றார்.

அறையில் யாரோ மூச்சு விட்டது கேட்டது. நான் விடவில்லை.

"பெத்த புள்ளையா இருந்தாகூட இவ்வளவு கவலப்பட மாட்டேன் சார். தங்கச்சி நம்பி விட்டிருக்கா. நாளைக்கு ஏதாவது ஒன்னுன்னா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"ஏதாவது ஒன்னுன்னா ஆபீஸுக்குக் கூப்பிடுங்க. நானே கேண்டீனுக்குப் போயி, அவ சாப்ட்டாளான்னு பாத்துட்டு உங்களுக்குச் சொல்றேன்."

"தினமுமா?"

அவர் வடையை இன்னொரு கடி கடித்தார். நான் விடாமல், "தினமும் போய்ப் பாப்பீங்களா சார்? ஆயிரம் புள்ளைங்க இருக்குமே. எல்லாப் பெரியம்மாவும் கூப்பிட்டா?" என்றேன். என் மகள் சுவரோரம் நின்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். செய்ய முடியாததைச் சொல்லிச் சமாளிக்கக் கூடாது என்று அவள் அவர்களுக்குக் காலையில்தான் சொல்லியிருந்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தினமும் முடியாதும்மா. தப்பாச் சொல்லிட்டேன். அவசரம்னா மட்டும்தான். மத்த நாள்ல அவ சாப்ட்டாளான்னு சாயங்காலம் அவளையே கேட்டுக்குங்க. பதிமூணு வயசுப் பொண்ணு, பசிச்சா சாப்பிடுவா."

நல்ல பதில். அங்கேயே நான் விட்டிருக்கலாம். அட்டையில் அதற்கு மேல் ஒன்றும் எழுதியிருக்கவும் இல்லை. ஆனால் கொடுக்கிறவரை விடாதே என்றாளே. எனக்கே தெரியாமல் கையை நீட்டிவிட்டேன்.

"அப்ப என் வடையத் திருப்பிக் குடுங்க."

நம் ஆட்களிடம் கொடுத்த சோற்றைத் திருப்பிக் கேட்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். சண்டையில்கூட அந்த வார்த்தையை யாரும் எடுக்க மாட்டார்கள். என் கடையில் எத்தனையோ பேர் தின்றுவிட்டுக் கம்பி நீட்டியிருக்கிறார்கள், ஒருவனைக்கூட நான் அப்படிக் கேட்டதில்லை. என் மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. மற்றவர்களுக்குப் புரியவில்லை. முதலாளியம்மாள் பின்னாலிருந்து என்ன என்ன என்று கேட்க, மகள் இங்கிலீஷில் சொன்னாள். அறை முழுக்க "அலாமா" என்று, ஐயையோ என்கிற மாதிரி ஒரு சத்தம்.

அந்தத் தம்பி தன் கையைப் பார்த்தார். பாதி வடை இருந்தது. அவருக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன. பெட்டிக்கடைக்காரர் பிள்ளை, அவருக்கு அந்த வார்த்தையின் கனம் தெரியாதா? எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அல்லது, சரிம்மா ஒரு நிமிஷம்தானே என்று போன வாரம் மாதிரி விழுந்துவிடுவார். விழுந்தால் என் மகள் கதை முடிந்தது. மூலையில் முதலாளியம்மாள் தட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தம்பி மேசைமேல் இருந்த காகிதக் கைக்குட்டையை விரித்தார். பாதி வடையை அதன்மேல் வைத்தார். இரண்டு கையாலும் பிடித்து, பெரியவர்களுக்குத் தாம்பூலம் கொடுப்பதுபோல என் முன்னால் வைத்தார்.

"தின்னது வயித்துல போயிடுச்சும்மா, அத ஒன்னும் பண்ண முடியாது. மீதி இந்தாங்க. ஆனா வாட்ச் லாக்கர்லதான் இருக்கும்."

நான் சும்மா எழுந்துவிடுகிற ஆளா?

"நாளைக்கும் வருவேன்" என்றேன்.

"வாங்கம்மா. வடையோட வாங்க. நாளைக்கும் சாப்பிடுவேன், நாளைக்கும் முடியாதுன்னுதான் சொல்லுவேன்."

முதலில் கை தட்டியது அந்த மூலைதான்.

உண்மையைச் சொன்னால், அந்தப் பாதி வடையைப் பார்த்தபோது உள்ளே ஒரு இடத்தில் சுருக்கென்றது. நாடகம்தான் என்றாலும், என் கைப் பண்டம் திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. இதுவரை நடக்காத காரியம். அதே சமயம் நிமிர்ந்து என் மகளைப் பார்த்தேன். அவள் அந்தத் தம்பியைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் கணக்கு சரியாக வந்தால் அப்படித்தான் ஆட்டுவாள். என் வடையை ஒருவர் திருப்பிக் கொடுத்து அதற்காக நான் சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

மற்ற பிரின்சிபல்களும் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் விழுந்தார், மறுபடியும் எழுந்து வந்து நின்றார். இன்னொரு அம்மாள் ரொம்பக் கடுமையாக முடியாது என்றுவிட்டார். மகள் நிறுத்தி, "வடையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லாதீர்கள், தின்றுகொண்டே சொல்லுங்கள்" என்றாள். மறுபடி செய்தார். வாயில் வடையோடு முடியாது என்று சொல்வது லேசில்லை. சொல்லிப் பாருங்கள்.

எல்லாம் முடிந்து, நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது அந்தத் தம்பி என்னிடம் வந்தார்.

"அம்மா, இப்ப அந்தப் பாதிய எடுத்துக்கலாமா?"

"அது ஆறிப்போச்சு தம்பி. வேற முழுசா இருக்கு, எடுங்க."

"இல்லம்மா. அதுதான் வேணும்."

எடுத்துத் தின்றார். நின்ற இடத்திலேயே, கடைசித் துகள்வரை.

முதலாளியம்மாள் என் மகளிடம் நீளமாக ஒன்றும் பேசவில்லை. மீதிக் கூட்டங்களுக்கு நாள் குறித்துக்கொள் என்றார். படி இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆண்ட்டி மஸ்ட் கம்" என்றார். பருப்பு நான் சொல்லுகிற கடையில்தான் வாங்க வேண்டும், டெக்கா சந்தையில், வேறு பருப்பு என்றால் வர மாட்டேன் என்று மகளைச் சொல்லச் சொன்னேன். அவள் சொன்னாளா இல்லையா என்று தெரியாது, இங்கிலீஷில் வேகமாக ஏதோ பேசி இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் பருப்பு அங்கிருந்துதான் வருகிறது.

அன்றைக்கு நாங்கள் உடனே ரயில் ஏறவில்லை. சிராங்கூன் சாலையில் மெதுவாக நடந்தோம். எனக்குப் பூ வாங்கித் தந்தாள். அந்தக் கல்யாண வீட்டில் கேள்வி கேட்ட சொந்தக்காரி எதிரில் வந்தால் நன்றாயிருக்கும் என்று ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். வரவில்லை. தேவைப்படுகிற நேரத்தில் யார் வருகிறார்கள்?

அடுத்த வாரம் ஒருநாள் மத்தியானம் மகளின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. அந்தத் தம்பி அனுப்பியிருந்தார். ஒரு மேசை. மேசைமேல் அன்னாசி டார்ட் டப்பா, சிவப்பு மூடி போட்டது, காலி. கீழே எழுதியிருந்ததை மகள் வாசித்துக் காட்டினாள். மீட்டிங்குக்கு முன்னாலேயே ஒரு தாயார் டப்பாவோடு அவர் அறைக்கு வந்துவிட்டாராம். அவர் அப்பாவின் கடைக்கு வந்துபோனவராம். பிள்ளைக்கு மட்டும் கொஞ்சம் என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். இவர் உட்கார வைத்து, டார்ட்டைத் தின்று, தின்றுகொண்டே முடியாது என்று சொல்லிவிட்டாராம். அப்புறம் மீட்டிங்கில் சத்தம் போட்டவர்கள் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லையாம். அந்தத் தாயாரே எழுந்து, "சார் எனக்கே முடியாதுன்னுட்டார், உங்களுக்கு எப்படிச் செய்வார்?" என்று கேட்டு மற்றவர்களை உட்கார வைத்துவிட்டாராம்.

மகள் அதை இரண்டு தடவை வாசித்தாள். இரண்டாவது தடவை அவளுக்காக. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். நான் அவளைப் பார்க்காத மாதிரி படத்தையே பார்த்தேன்.

"டப்பா அங்கயே இருக்கே," என்றேன். "அந்தம்மா கிட்டத் திருப்பிக் குடுத்தாரா இல்லையா?"

"ஏம்மா?"

"கேளு. முடியாதுன்னு சொன்னது சரி. அதுக்காக அந்த வூட்டு டப்பாவ வெறுமனே அனுப்பிரக் கூடாது. அப்டி அனுப்பினா அந்தம்மா இனிமே அந்தப் பள்ளிக்கூடத்துப் படி ஏற மாட்டாங்க. கழுவித் துடைச்சு, உள்ள ஏதாவது போட்டுத்தான் குடுக்கணும்."

மகள் தட்டினாள். பதில் உடனே வந்தது. உள்ளே என்ன போட வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றிருந்தது.

"ஒரு கை சர்க்கர போதும்னு சொல்லு" என்றேன்.